கோணல் மரமும் ஆறு விருந்தாளிகளும்

சென்ற இதழில் மாலி டட்டில் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞரின் 'குரூக்கட் ட்ரீ' (கோணல் மரம்) ஆல்பத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. பதின்மூன்று பாட்டுகள். அவற்றில் ஆறு பாட்டுகளில் வெளியிலிருந்து வந்த கலைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை பற்றிய கட்டுரைக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறேன்.

மாஸ்டர், பதின்மூன்று பாட்டில் ஆறு பாட்டுக்கு விருந்தாளி என்றால், தன் கையில் நம்பிக்கை இல்லாதவர் என்றுதானே அர்த்தம்? பெரிய பெயர்களைச் சேர்த்தால் விற்கும் என்ற கணக்காகத் தெரிகிறது. (நாகர்கோவில் வாசகர்)

இந்தச் சந்தேகம் எனக்குப் புரிகிறது. அட்டையில் பெயர் போடுவதற்காகவே ஆட்களைக் கூப்பிடும் ஆல்பங்கள் நிறைய இருக்கின்றன. இது அப்படிப்பட்டது அல்ல. வந்தவர்கள் யார், எந்தப் பாட்டுக்கு வந்தார்கள் என்று பொருத்திப் பாருங்கள்.

'ஃபிளாட்லேண்ட் கேர்ள்' சமவெளிப் பண்ணை வாழ்க்கையைப் பற்றிய பாட்டு. மாலியின் அப்பா இல்லினாய் மாநிலத்தில் பண்ணையில் வளர்ந்தவர். தாத்தா அங்கே விவசாயம் பார்த்துக்கொண்டே பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை வாசித்தவர். இந்தப் பாட்டில் கூடச் சேர்ந்து பாடுகிற பாடகி மார்கோ பிரைஸும் இல்லினாய்க்காரர். அவருடைய குடும்பம் 1980-களில் தன் பண்ணையை இழந்தது. நிலத்தைப் பற்றிய பாட்டுக்கு, நிலம் கைவிட்டுப் போன வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரலில் இருக்கும் கரகரப்பை வேறு யாரிடம் வாங்க முடியும்?

'ஓவர் தி லைன்' பாட்டுக்கு மாண்டலின் கலைஞர் சியரா ஹல். சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சிறந்த கலைஞரைத் தேர்ந்தெடுக்கிறது. மாண்டலினுக்கு அந்த விருதை வாங்கிய முதல் பெண் சியரா. அது 2016-ல். அடுத்த ஆண்டு, 2017-ல், கிதாருக்கு அதே விருதை வாங்கிய முதல் பெண் மாலி. 2018-லும் அவருக்கே கிடைத்தது. ஆண்களே நிறைந்திருந்த வரிசையில் அடுத்தடுத்து நுழைந்த இருவரும் ஒரே பாட்டில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

2019-ல் கிதார் விருது பில்லி ஸ்ட்ரிங்ஸுக்குப் போனது. அவர்தான் 'டூலீஸ் ஃபார்ம்' பாட்டின் விருந்தாளி. இவரும் மாலியும் ஒரு காலத்தில் டென்னசி மாநிலத்து இசை நகரமான நாஷ்வில்லில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். கையில் நம்பிக்கை இல்லாதவர், தனக்கு அடுத்து விருது வாங்கிய கிதார்க்காரரையே தன் ஆல்பத்துக்குக் கூப்பிட்டு, தன் வாத்தியத்தையே அவர் கையிலும் கொடுப்பாரா? சொல்லுங்கள்.

'சைட் சாடில்' பெண்கள் ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டுக் குதிரை ஏறும் பழைய முறையின் பெயர். அப்படி உட்கார மாட்டேன் என்கிற பெண்ணின் பாட்டு அது. அதற்குத் துணைக் குரல் பாடகி கில்லியன் வெல்ச். அவரும் கலிஃபோர்னியாவில் வளர்ந்து, பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்து, நாஷ்வில் வந்து சேர்ந்தவர். மாலி நடந்த பாதையில் ஒரு தலைமுறை முன்னால் நடந்தவர். 'பிக் பேக்யார்ட்' பாட்டில் வரும் ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோ குழுவின் கெச் சீகோர் இந்த ஆல்பத்தின் பல பாட்டுகளை மாலியோடு சேர்ந்து எழுதியவர். அவரை விருந்தாளி என்று சொல்வதே பொருந்தாது, வீட்டு ஆள். ஆறாமவர் பாடகர் டான் டிமின்ஸ்கி, 'சான் ஃபிரான்சிஸ்கோ புளூஸ்' பாட்டுக்கு.

எனக்கு இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. ஒரு கிதார்க்காரரின் தரம் அவர் தனியாக ஓடும்போது தெரிவதைவிட, அடுத்தவர் பாடும்போது அவர் கை என்ன செய்கிறது என்பதில்தான் அதிகம் தெரியும். நம் ஊரில் நல்ல பக்கவாத்தியத்துக்குத் தலையாட்டத் தெரிந்த ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்கோ பிரைஸ் பாடும் வரிகளின் அடியில் மாலியின் கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அடிக்கம்பியில் ஒரு சுரம், மேலே ஒரு வீச்சு, மறுபடி அடிக்கம்பி. வரி முடிகிற இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சுரங்கள் கீழிருந்து ஏறி வந்து அடுத்த வரியைத் தூக்கிவிடும். பாடுகிறவர் கால் வைப்பதற்கு முன்பே அங்கே படி போட்டு வைத்திருப்பார்.

பிளாட்பிக்கிங் என்றால் என்ன? பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்தால் எல்லாமே பிளாட்பிக்கிங்தானா? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பெயரளவில் அப்படித்தான். விரல்களில் மாட்டும் நகங்கள் இல்லாமல், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டையான பிக்கைப் பிடித்து வாசிப்பது. ஆனால் புளூகிராஸ் ஆட்கள் இந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒரு குறிப்பிட்ட கலையைச் சொல்கிறார்கள். ஃபிடிலுக்கென்று இருந்த நாட்டுப்புற மெட்டுகளை, ஒரு சுரம் விடாமல், அதே வேகத்தில் கிதாரில் கொண்டு வருவது.

இதன் கதையை டாக் வாட்சனிலிருந்து தொடங்க வேண்டும். வட கரோலினா மாநிலத்தில் டீப் கேப் என்ற மலையூரில் 1923-ல் பிறந்தவர். குழந்தையிலேயே பார்வை போய்விட்டது. 1950-களில் அவர் ஒரு நடனக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்தார். கூட்டம் சதுர நடனம் கேட்கும், அதற்கு ஃபிடில் வேண்டும், குழுவில் ஃபிடில்காரர் இல்லை. ஆகவே ஃபிடில் மெட்டுகளைக் கிதாரிலேயே வாசிக்கப் பழகினார். 1960-களில் நாட்டுப்புற இசை மேடைகளுக்கு வந்தபோது அதே வித்தையைச் சாதாரண மரக் கிதாரில் செய்து காட்டினார். அதுவரை புளூகிராஸில் கிதாருக்குத் தாளம் போடுவதுதான் முக்கிய வேலை. ஃபிடிலும் பாஞ்சோவும் மாண்டலினும் முன்னால் வந்து விளையாடும், கிதார் பின்னால் நிற்கும்.

வலது கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இதன் கஷ்டம் தெரியும். ஒரு சுற்றில் எட்டுச் சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படைச் சுரங்கள் கீழ்நோக்கிய அடி, இரட்டைப்படைச் சுரங்கள் மேல்நோக்கிய அடி. நடுவில் ஒரு சுரம் மௌனமாக இருந்தாலும் கை நிற்கக் கூடாது. கம்பியைத் தொடாமல் காற்றில் அந்த அடியைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு வர வேண்டும். ஊஞ்சல் ஆள் இல்லாமலும் ஆடுகிற மாதிரி. ஒரு கம்பியிலிருந்து இரண்டு கம்பி தாண்டிப் போகும் இடத்தில்தான் மாணவர்களின் கை திணறும். அங்கே ஆசைப்பட்டு இரண்டு அடியும் கீழ்நோக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக வாசிக்கும்வரை தப்பு தெரியாது. வேகம் கூடியதும் கை கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடும். முப்பது வருடமாக ஒவ்வொரு மாணவரிடமும் நான் இதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கம்பிகளில் மாறி மாறிச் சுரத்தை உருட்டி, பாஞ்சோ போன்ற ஒலியை ஒரே பிக்கில் கொண்டு வரும் முறைக்குக் 'கிராஸ்பிக்கிங்' என்று பெயர். ஸ்டான்லி சகோதரர்கள் என்ற புளூகிராஸ் குழுவோடு வாசித்த ஜார்ஜ் ஷஃப்ளர் அதற்குப் பேர் போனவர். மாலியின் கையில் அது நீர் ஓடுவதுபோல் வரும்.

நல்ல பிக் எது? ஆமை ஓட்டில் செய்தது கிடைக்குமா? (தூத்துக்குடி)

கிடைத்தாலும் வாங்காதீர்கள். பழைய கலைஞர்கள் பயன்படுத்தியது அழுங்காமை ஓடு. நம் மன்னார் வளைகுடாவில் நீந்துகிற அதே இனம். 1970-களிலேயே அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை வந்துவிட்டது. அழியும் நிலையில் இருக்கும் ஓர் உயிரின் முதுகை உரித்து வரும் நாதம் நமக்கு வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள, வளையாத செயற்கை பிக் போதும். மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளைந்து பின்தங்கிவிடும். மாதம் ஒருமுறை அதன் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் உங்கள் மணிக்கட்டு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

புளூகிராஸ் கென்டக்கி மாநிலத்து இசை என்று எழுதினீர்கள். மாலி கலிஃபோர்னியாக்காரர் என்றும் எழுதினீர்கள். கடலோர நகரத்துப் பெண்ணுக்கு மலைநாட்டு இசை எப்படி வந்தது? (சேலம்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. பெயர் கென்டக்கியிலிருந்து வந்ததுதான். அங்கே பிறந்த பில் மன்ரோ தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். 1945 இறுதியில் எர்ல் ஸ்கிரக்ஸ் தன் மூன்று விரல் பாஞ்சோவோடு அதில் சேர்ந்த பிறகு இந்த இசைக்கு இன்றைய உருவம் கிடைத்தது. ஆனால் கிதாரின் கதைக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய அத்தியாயம் இருக்கிறது.

கிதார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட் 1944-ல் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வளர்ந்தவர். அவரிடம் 1935-ல் செய்யப்பட்ட மார்ட்டின் டி-28 கிதார் ஒன்று இருந்தது. கைக்கு வந்தபோதே அடிபட்டுக் கிடந்த கிதார், நடுவில் இருக்கும் ஒலித்துளை வழக்கத்தைவிட அகலமானது. பின்னாளில் பெரிய கிதார் கலைஞரான டோனி ரைஸ், பையனாக இருந்தபோது அதே வட்டாரத்தில் அவரைச் சந்தித்து, அந்தக் கிதாரையும் தொட்டுப் பார்த்தார். பிறகு அது கிளாரன்ஸிடமிருந்து கை மாறியது. 1973-ல், இருபத்தொன்பது வயதில், குடித்துவிட்டு வந்த ஒருவர் ஓட்டிய கார் மோதிக் கிளாரன்ஸ் இறந்துபோனார். டோனி அந்தக் கிதார் யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடித்து 1975-ல் 550 டாலருக்கு வாங்கினார். 2020 கிறிஸ்துமஸ் அன்று இறக்கும்வரை அது அவரிடம்தான் இருந்தது.

கிளாரன்ஸ் தாளத்தை எதிர்பாராத இடங்களில் தட்டிவிடுவார், டோனி அதை ஒழுங்குபடுத்தி வேகமும் மெருகும் கொடுத்தார். மாலியின் வாசிப்பில் இந்த இருவரும் இருக்கிறார்கள். ஆகவே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாலோ ஆல்டோவில் வளர்ந்த பெண்ணுக்கு இது அந்நிய இசை அல்ல. அதோடு அவருடைய அப்பா ஜாக் டட்டில் அங்கே பல வருடங்களாகப் புளூகிராஸ் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'கிராஸ் வேலி'. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் இருக்கும் ஊரில் ஜூன் மாதம் தந்தையர் தினத்தை ஒட்டி புளூகிராஸ் விழா நடக்கும். சிறுமியாக அப்பாவோடு அங்கே போன நாட்களைத்தான் அதில் பாடுகிறார்.

மடியில் படுக்கப்போட்டு வாசிப்பதுபோல் ஒரு வாத்தியம் குழைகிறதே, அது என்ன? (கும்பகோணம்)

சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். அது தோப்ரோ. உள்ளே உலோகத் தட்டு வைத்த கிதார். கழுத்துப் பலகையில் கம்பியை விரலால் அழுத்துவதில்லை. இடது கையில் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்குவார்கள். சித்ரவீணை கேட்டுப் பழகிய உங்கள் காது அதனால்தான் உடனே அடையாளம் கண்டுகொண்டது. வாசிப்பவர் ஜெரி டக்ளஸ். மாலியோடு சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே.

டோனி ரைஸின் 'மான்சனீட்டா' 1979-ல் வந்தது. பிளாட்பிக்கிங் கிதார்க்காரர் தன்னைச் சுற்றி நண்பர்களை அழைத்து வைத்துக்கொண்டு செய்த ஆல்பங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது. ரிக்கி ஸ்காக்ஸ், சாம் புஷ், டேவிட் கிரிஸ்மன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பாஞ்சோ கிடையாது. பாஞ்சோ இல்லாமல் புளூகிராஸா என்று அன்று பலர் கேட்டிருப்பார்கள். அந்த இடத்தைக் கிதாருக்குத் திறந்துவிட்டார் டோனி. அதில் தோப்ரோ வாசித்த இளைஞரும் ஜெரி டக்ளஸ்தான். நாற்பத்து மூன்று வருடம் கழித்து இன்னொரு கிதார்க்காரரின் ஆல்பத்துக்கு அவரே தயாரிப்பாளராக உட்கார்ந்திருக்கிறார். நாஷ்வில்லில் எல்லோரையும் ஒரே அரங்கில் வைத்து, நேருக்கு நேர் வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது பாட்டுகளில் தோப்ரோ எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் விலகிக்கொள்கிறது என்பது எனக்குப் பெரிய பாடமாக இருக்கிறது.

அவர் தலையில் இருப்பது விக் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

உண்மைதான், அவரே வெளிப்படையாகப் பேசும் விஷயம் என்பதால் பதில் எழுதுகிறேன். மூன்று வயதில் அலோபீசியா என்ற நோயெதிர்ப்புக் கோளாறு வந்து முடி முழுவதும் உதிர்ந்துவிட்டது. பள்ளி நாட்களில் தொப்பி, பிறகு விக். இப்போது சில சமயம் மேடையிலேயே விக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடுகிறார். ஆல்பத்தின் பெயரைத் தாங்கும் பாட்டின் பொருளும் இதுதான். நேராக வளர்ந்த மரங்களை மரக்காரர்கள் வெட்டி அடுக்கிக்கொண்டு போவார்கள், கோணல் மரம் காட்டிலேயே நின்று வளரும்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை இங்கே வெளியிடவில்லை. ஆனால் மூன்று முறை படித்தேன். உங்கள் மகளுக்கு அந்தப் பாட்டைக் கேட்கக் கொடுங்கள். பொருள் சொல்ல நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

புளூகிராஸும் கன்ட்ரி இசையும் ஒன்றா? (விருதுநகர்)

உறவுக்காரர்கள். புளூகிராஸில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது, மின்சார வாத்தியமும் கிடையாது. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில், நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியம் ஒன்றையும் மூன்றையும் பிடிக்கும். மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் 'சக்' என்று வெட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிதார் ஒட்டுப்போட்டுக்கொண்டே போகும். டிரம்ஸ் வேலையை மரமும் கம்பியுமே செய்துவிடும்.

நீங்கள் புகழ்ந்து மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். குறையே இல்லையா? (மதுரை)

இருக்கிறது. பதின்மூன்றும் பாட்டுகள். குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் பேசுகிற உருப்படி ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை சிறந்த புளூகிராஸ் கிதார் கலைஞர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர், எதிரில் பில்லி ஸ்ட்ரிங்ஸ், பக்கத்தில் சியரா ஹல், பின்னால் ஜெரி டக்ளஸ். இவர்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பழைய ஃபிடில் மெட்டை நான்கு நிமிடம் வாசித்திருக்கக் கூடாதா? ஒவ்வொரு பாட்டிலும் அவர் எடுத்துக்கொள்ளும் தனி வாசிப்பு, அவர்கள் பாஷையில் 'பிரேக்', மிகவும் அளவாக இருக்கிறது. காது சூடேறும்போது முடிந்துவிடுகிறது. 'நாஷ்வில் மெஸ் அரவுண்ட்' கேட்க உற்சாகமாக இருந்தாலும் மனதில் தங்கவில்லை. அந்த இடத்தில் ஓர் உருப்படி வந்திருந்தால் நான் இந்த ஆல்பத்தை 'மான்சனீட்டா'வுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். 2023-ல் சிறந்த புளூகிராஸ் ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. அது தகுதியான விருதுதான், என் ஏக்கம் வேறு.

என் மகளுக்கு எட்டு வயது. கிதார் கேட்கிறாள். விரல் சின்னது, வலிக்கும், பெண் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும் மாஸ்டர்? (திருப்பூர், ஒரு தாய்)

மாலி கிதாரைக் கையில் எடுத்தது எட்டு வயதில்தான் அம்மா. பதின்மூன்று வயதில் அப்பாவோடு சேர்ந்து ஓர் ஆல்பமே பதிவு செய்துவிட்டார். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

விரல் வலிக்கும் என்பது மெய்தான். முதல் மூன்று வாரம் இடது கை விரல் நுனிகள் சிவந்து, கம்பியின் தடம் கோடு கோடாகப் பதிந்திருக்கும். பிறகு தோல் தடித்து வலி நின்றுவிடும். பெரிய உடம்புள்ள டிரெட்நாட் கிதார் இப்போது வேண்டாம். போர்க்கப்பல் பெயரை வைத்திருக்கும் அந்தக் கிதாரை எட்டு வயதுக் கை சுற்றி வளைக்க முடியாது. முக்கால் அளவுக் கிதார், மெல்லிய கம்பி. கடையில் வாங்கும்போது கம்பி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உயரம் அதிகம் என்றால் குழந்தை அழுதுவிட்டுக் கிதாரைக் கீழே வைத்துவிடும், நாம் குழந்தைக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். என்னிடம் வந்த பல பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான். கம்பியை இறக்கிக் கொடுத்த மறுநாளே வாசிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் வேகம் காட்டும் பாடங்களைக் கொடுக்காதீர்கள். ஜி, சி, டி என்று மூன்று கார்டு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போதும். அடிக்கம்பியில் ஒன்று, மேலே ஒரு வீச்சு. அவளுக்குப் பிடித்த எந்தப் பாட்டையாவது நீங்கள் பாடுங்கள், அவள் உங்களுக்காக வாசிக்கட்டும். நீங்கள் வரியை இழுத்தால் அவள் காத்திருக்க வேண்டும், நீங்கள் சீக்கிரம் வந்தால் அவளும் வந்து சேர வேண்டும். இரண்டிலும் நான்கிலும் நீங்கள் கை தட்டுங்கள். அடுத்த வாரம் அவள் பாடட்டும், தட்டுவது மட்டும் உங்கள் வேலை. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்குப் போகும்போது கை நிற்கிறது என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.